கச்சான் காற்றும் சட்டித் தயிரும்

2011 ஜூலையில் தோக்கியோ இறைச்சிச் சந்தைக்கு வந்த சில மாடுகளின் இறைச்சியில், அன்று ஜப்பானில் அனுமதிக்கப்பட்டிருந்த அளவைவிடச் சில மடங்கு அதிகமான கதிரியக்கச் சீசியம் இருப்பது தெரியவந்தது. மாடுகள் புகுசிமா மாகாணத்தின் மினமிசோமா பகுதியிலிருந்து வந்தவை. ஏற்றுவதற்கு முன்னரே கருவி வைத்து அவற்றின் உடலைச் சோதித்திருந்தார்கள். தோலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. சீசியம் உள்ளே போன வழி வைக்கோல். முந்தைய இலையுதிர்காலத்தில் அறுவடை செய்த வயலிலேயே கிடந்த வைக்கோல் மீது மார்ச் மாதப் புகுசிமா அணுவுலை விபத்தின் தூசும் மழையும் படிந்தன. பிறகு அதைக் கட்டி எடுத்து மாட்டுக்குப் போட்டார்கள். வெளியில் கிடந்த தீவனத்தைக் கொடுக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தல் மாடு வளர்ப்போரை நோக்கி அனுப்பப்பட்டிருந்தது. வைக்கோலை விற்ற நெல் விவசாயிகளின் காதில் அது ஒழுங்காக விழவில்லை. விசயம் வெளியே வந்தபோது இறைச்சி பல மாகாணங்களுக்குப் போய், சமைத்து உண்ணப்பட்டிருந்தது.

இந்தச் செய்தியை மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சித்தாண்டியில் ஒருவருக்குச் சொன்னால், அணு இயற்பியல் தெரியாமலே அவருக்கு முழுவதும் விளங்கும். சித்திரவேலாயுத சுவாமி கோயிலைச் சுற்றி வளர்ந்த இந்த ஊரின் வாழ்வு வயல், மாட்டுப் பட்டி, வாவி மூன்றிலும் தங்கியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மாடு இறங்குவதும் வைக்கோல் போர் வெயிலிலும் மழையிலும் கிடப்பதும் இங்கே இயல்பு. அணுவுலை விபத்து என்றதும் நம் மனதில் எழுவது வெடிப்பும் புகையும் உருக்குலைந்த கட்டடமும்தான். உலையிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஊருக்கு அந்தப் படம் பயன்படாது. அங்கே விபத்து வந்து சேர்வது புல்லின் வழியாக, பாலின் வழியாக, மீனின் வழியாக, கடைசியில் சந்தையில் பரவும் பயத்தின் வழியாக.

சித்தாண்டி இதைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்றால், தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகில், திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் கூடங்குளம் இருக்கிறது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் பிறந்த திட்டம் அது. முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் தொடர்வினை நிலையை எட்டின. ஒவ்வொன்றும் 1000 மெகாவாற்று. மேலும் நான்கு உலைகளுக்கான வேலை அதே வளாகத்தில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் கற்பிட்டிக் கரை ஏறத்தாழ 225 கிலோமீற்றர், கொழும்பு 270, நுவரெலியா 365, சித்தாண்டி 425.

கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையின் மீனவர்கள் 2011, 2012 ஆண்டுகளில் கடலுக்குள்ளும் கரையிலும் நின்று கேட்ட கேள்விகள் அந்த உலைகளின் பாதுகாப்பைப் பற்றியவை. 2013 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்ததோடு, பல பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. உலை வெடிக்குமா என்று இந்தக் கட்டுரை ஆரூடம் சொல்லப் போவதில்லை. 1986இல் சோவியத் நாட்டில் வெடித்த செர்னோபில் உலைக்கு இறுக்கமான வெளிக்கூடு இருக்கவில்லை. கூடங்குளத்துக்கு இரட்டைக் கூடு உண்டு. உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பும், மின்சாரம் இல்லாமலே காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும் அங்கே உள்ளன. இவை விபத்தின் வாய்ப்பைக் குறைக்கின்றன. வாய்ப்புக் குறைந்த ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கடமையை அவை குறைப்பதில்லை.

அணுவுலையின் சிக்கல் அதை நிறுத்திய பிறகுதான் தொடங்குகிறது. யுரேனியம் பிளவுறுவதை நொடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளவினால் ஏற்கெனவே உண்டான நூற்றுக்கணக்கான கதிரியக்க அணு வகைகள் தாமாகச் சிதைந்து கொண்டே வெப்பத்தை வெளியிடும். 3000 மெகாவாற்று வெப்பத்தைத் தரும் ஓர் உலை நின்ற அந்தக் கணத்தில் இந்த மிச்ச வெப்பம் மட்டும் ஏறத்தாழ 200 மெகாவாற்று. ஒரு நாள் கழிந்தாலும் பத்துப் பதினைந்து மெகாவாற்று மிஞ்சியிருக்கும். ஆகவே நின்றுபோன உலைக்குள்ளும் நீர் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46க்கு ஜப்பானில் பூமி அதிர்ந்தபோது புகுசிமா டாயிச்சியில் இயங்கிக் கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. ஒரு மணித்தியாலத்துக்குள் வந்த ஆழிப்பேரலை 14 மீற்றருக்கும் மேல் ஏறி அவசர மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. குளிரூட்டல் நின்றது. எரிபொருளை மூடியிருந்த சேர்க்கோனியக் குழாய் நீராவியுடன் தாக்கமுற்று ஐதரசனை வெளியிட்டது. அடுத்த நான்கு நாட்களில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

2004 மார்கழி ஆழிப்பேரலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்திலும் புகுந்தது. இயங்கிக் கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதே காலையில் அதே அலை கல்லடி, திருச்செந்தூர், நாவலடிக் கரைகளில் என்ன செய்தது என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வங்கக் கடல் இரு கரைகளையும் ஒரே நாளில் தொடக்கூடியது என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

உலையிலிருந்து வெளியேறும் பொருள்களில் தூரத்து ஊர்களுக்கு முக்கியமானவை இரண்டே: அயடீன்-131, சீசியம்-137. எளிதில் ஆவியாவதால் இவை காற்றோடு நெடுந்தூரம் போகும். சீனன், கிரிப்டன் போன்ற வாயுக்கள் கடந்து போய்விடும், படியாது. ஸ்ரொன்சியமும் புளூட்டோனியமும் பெரும்பாலும் உலைக்கு அருகிலேயே விழுந்துவிடும். அயடீனின் அரைவாழ்வு 8 நாட்கள். எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகும். எண்பது நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். சீசியத்தின் அரைவாழ்வு 30 ஆண்டுகள். இன்று மண்ணில் விழுந்தது, இன்று பிறந்த குழந்தை முப்பதைத் தாண்டும்போதும் பாதி இருக்கும். முதலாவது வாரக்கணக்கில் உடலைத் தாக்குவது. இரண்டாவது தலைமுறைக் கணக்கில் நிலத்தோடு கிடப்பது.

தூரத்தைப் பற்றி ஒரு தவறான ஆறுதல் நம்மிடம் இருக்கிறது. கூடங்குளத்தைச் சுற்றி இந்தியா வகுத்திருக்கும் அவசரகாலத் திட்ட வலயம் 16 கிலோமீற்றர். அது மக்களை உடனே வெளியேற்றுவதற்கான கணக்கு. உணவைக் கட்டுப்படுத்துவதற்கான கணக்கு வேறு. பெரிய உலைகளுக்கு, உணவு, பால், குடிநீர் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தத் தயாராக இருக்க வேண்டிய தூரமாகச் சர்வதேச அணுசக்தி முகவரகம் பரிந்துரைப்பது 300 கிலோமீற்றர். அந்த வட்டத்துக்குள் மன்னார், புத்தளம், கொழும்பு எல்லாம் அடங்கிவிடுகின்றன. யாழ்ப்பாண நகர் விளிம்பில் நிற்கிறது. சித்தாண்டி வெளியே.

வெளியே என்றால் ஒன்றும் வராது என்று பொருளா? புகுசிமாவிலிருந்து ஏறத்தாழ 360 கிலோமீற்றர் தொலைவில் சிசுவோக்கா இருக்கிறது, ஜப்பானின் பெரிய தேயிலைப் பிரதேசம். 2011 ஜூனில் அங்கு உலர்த்திய தேயிலையில் கிலோவுக்கு 679 பெக்கரல் சீசியம் காணப்பட்டது (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு). அன்றைய எல்லை 500. பிரான்சுக்கு ஏற்றுமதியான சிசுவோக்காத் தேயிலை பாரிஸ் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. கூடங்குளத்துக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள தூரமும் அதே அளவுதான் என்பதைப் படத்தை விரித்து அளந்தபோது என் கை சற்று நின்றது. இன்னும் பார்க்கலாம்: 1986இல் செர்னோபிலிலிருந்து 2000 கிலோமீற்றருக்கும் அப்பால், வேல்சு மலைகளில் மேய்ந்த செம்மறிகளின் மீது விதிக்கப்பட்ட விற்பனைக் கட்டுப்பாடு 2012இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. மேகம் கடந்து போன நாளில் அங்கே மழை பெய்தது என்பதே காரணம்.

மழைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. காற்று கதிரியக்கத் தூசைக் கொண்டு போகும். மழை அதை இறக்கிவிடும். எந்த மாதத்தில் விபத்து நடக்கிறது என்பதே சித்தாண்டியின் கதையை மாற்றக்கூடிய விடயம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கூடங்குளத்திலிருந்து இலங்கையை நோக்கியே வீசுகிறது. மணிக்கு 25 முதல் 30 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று கற்பிட்டியை எட்டு ஒன்பது மணித்தியாலங்களில் அடையும். சித்தாண்டியைப் பதினைந்து மணித்தியாலங்களில். ஆனால் அந்தக் காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பார் அதைத்தான் கச்சான் என்கிறார்கள். கச்சான் வீசும் காலத்தில் இங்கே மழை அரிது. ஆகவே அப்படியொரு நாளில் பெரும் படிவு மலைநாட்டின் தேயிலையிலும் அங்குள்ள நீர்த்தேக்கங்களிலும் விழும். நமக்கு உலர்ந்த தூசாகக் குறைந்த அளவே வரும். சித்திரையிலும் ஐப்பசியிலும் நிலைமை வேறு. காற்றுக்கு ஒரே திசை இல்லாத அந்த மாதங்களில் பின்னேரம் இடியுடன் கொட்டும் மழை எந்த ஊரின் தலையில் எதை இறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாரியில் வடகீழ்க் காற்று கூடங்குளத்தின் மூச்சை அரபிக் கடலை நோக்கித் தள்ளிவிடும். அப்போது நாம் பார்க்க வேண்டியது வடக்கே, ஏறத்தாழ 540 கிலோமீற்றரில் உள்ள கல்பாக்கத்தை. அங்குள்ள உலைகள் கூடங்குளத்து உலைகளைவிடச் சிறியவை, தூரமும் அதிகம். ஆனாலும் வடகீழ்ப் பருவம் நமது மழைக்காலம் என்பதை மறக்கக் கூடாது.

இனிப் பால். செர்னோபில் நமக்குத் தந்த மிகத் தெளிவான மருத்துவப் பாடம் இதில்தான் இருக்கிறது. 1986 ஏப்ரல் 26 விடிகாலையில் உலை வெடித்தது. சுற்றியிருந்த கிராமங்களில் பசுக்கள் வழமைபோல் மேய்ந்தன, குழந்தைகள் வழமைபோல் பால் குடித்தார்கள். பசு ஒரு நாளில் பெரும் பரப்பிலுள்ள புல்லை மேய்ந்து, அதில் படிந்த அயடீனைத் தன் பாலில் திரட்டிக் கொடுக்கிறது. மேய்ந்த மறுநாளே பாலில் அயடீன் தெரியத் தொடங்கும். குழந்தையின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி கதிரியக்க அயடீனையும் சாதாரண அயடீனையும் வேறுபடுத்தி அறியாது. கிடைத்ததை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். சுரப்பி சிறியது, குடிக்கும் பால் அதிகம். ஆகவே ஒரே பாலைக் குடித்த தாயைவிடக் குழந்தையின் சுரப்பிக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு பல மடங்கு. விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 2005 வரையில் 6000க்கும் மேற்பட்டோருக்குத் தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தச் சில வாரங்களில் குடித்த பாலே காரணம் என்று ஐக்கிய நாடுகளின் அணுக்கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியல் குழு கூறியது. நல்ல வேளையாக இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கக் கூடியது. அந்த 6000 பேரில் 2005 வரை இறந்தவர்கள் 15 பேர். கழுத்தில் தழும்போடும், ஆயுள் முழுக்க மாத்திரையோடும் வாழ்பவர்கள் மற்றவர்கள். அந்த நாட்டில் யாராவது மூன்று வாரம் பாலை நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக் கூடிய நோய் இது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பக்கத்து நாடான போலந்து வேறு விதமாக நடந்தது. மாஸ்கோவின் அறிவிப்புக்குக் காத்திராமல், ஏப்ரல் 29இலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 5 இலட்சம் குழந்தைகளுக்கும் 70 இலட்சம் பெரியவர்களுக்கும் நிலையான அயடீனைக் கொடுத்தது. புதிய பாலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதையும் கட்டுப்படுத்தியது. அயடீன் மாத்திரையின் வேலை எளிமையானது: சுரப்பியை நல்ல அயடீனால் முன்கூட்டியே நிரப்பிவிடுவது. மேகம் வருவதற்குச் சற்று முன்னரோ வந்த சில மணித்தியாலங்களுக்குள்ளோ எடுத்தால்தான் பலன். சீசியத்துக்கு எதிராக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அயடீன் சேர்த்த உப்பை அள்ளித் தின்பது வீண். 2011இல் சீனாவில் உப்புக் கடைகள் ஒரே நாளில் காலியான பின்னும் யாருடைய சுரப்பியும் அதனால் காப்பாற்றப்படவில்லை. ஆனால் நாளாந்தம் அயடீன் உப்பு சேர்த்துச் சாப்பிடும் சமூகத்தின் சுரப்பிகள் பசியோடு இருப்பதில்லை. செர்னோபிலைச் சுற்றியிருந்த பகுதிகளில் அயடீன் பற்றாக்குறை நிலவியதும் பாதிப்பைக் கூட்டியது.

சித்தாண்டியில் பாலின் கதைக்கு ஒரு தனித் திருப்பம் இருக்கிறது. அயடீன் கலந்த பாலை மாவாக்கி மூன்று மாதம் களஞ்சியத்தில் வைத்தால் அயடீன் தானாகவே அழிந்துவிடும். பாற்கட்டியாக்கினாலும் காலம் கைகொடுக்கும். நெய்யாக உருக்கினால் சீசியமும் பெருமளவு மோரோடு போய்விடும். செர்னோபிலுக்குப் பிறகு சோவியத் நாட்டில் கதிரியக்கம் கலந்த பாலை வெண்ணெய்யாக மாற்றியது இதனால்தான். நமது எருமைத் தயிர் இதற்கு நேரெதிர். இன்று கறந்து, காய்ச்சி, உறை ஊற்றி, நாளை காலை சட்டியோடு வீதியோரக் கடையில் இருக்கும். அயடீன் சிதைவதற்கு அது அவகாசமே கொடுப்பதில்லை. செர்னோபிலுக்குப் பின் இலங்கை இறக்குமதிப் பால்மாவின் கதிரியக்கத்தைச் சோதிக்கத் தொடங்கியது. துறைமுகத்தில் வந்திறங்கும் பைக்கு ஒரு சோதனைச் சீட்டு உண்டு. ஊரில் கறக்கும் பாலுக்கும் ஊர்த் தயிருக்கும் அப்படிச் சோதித்துச் சொல்லும் வழி மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

புத்தகங்கள் சொல்லும் முதல் நடவடிக்கை, பசுக்களைக் கொட்டிலில் அடைத்து, மூடிவைத்த பழைய தீவனத்தைக் கொடுங்கள் என்பது. ஐரோப்பிய, ஜப்பானியப் பண்ணைகளில் அது சாத்தியம். சித்தாண்டிப் பண்ணையாளரின் மாடுகள் பெரும்போகம் தொடங்கியதும் வயலை விட்டு மேற்கே மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடுகின்றன. கொட்டில் இல்லை, திறந்த பட்டிதான். சேமித்த தீவனமும் இல்லை. அந்த மேய்ச்சல் தரைகள் வெளியாரின் பயிர்ச்செய்கையால் பறிபோகின்றன என்று 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. மேய்க்க இடமில்லாமல் தவிக்கும் ஒருவரிடம் மாட்டை வீட்டுக்குள் கட்டி வை என்று சொல்லும் அவசரகாலத் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். இங்கே செய்யக்கூடியது பாலைக் கறந்து ஊற்றிவிடுவதும், அதற்கான நட்டஈட்டை உடனே கொடுப்பதும்தான். நட்டஈடு உறுதியில்லாவிட்டால் பால் சந்தைக்கு வரும். அது பண்ணையாளரின் குற்றமாகாது.

நோயைப் பற்றி அளவறிந்து பேச வேண்டும், ஏனெனில் இங்கேதான் அதிகப் பொய்கள் உலாவுகின்றன. உடலை உடனே வீழ்த்தும் கதிர்வீச்சு நோய் ஏறத்தாழ ஒரு சீவேட்டை, அதாவது 1000 மில்லிசீவேட்டை நெருங்கும்போது தொடங்குகிறது (சீவேட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு). செர்னோபிலில் அது 134 பேருக்கு வந்தது. எல்லோரும் உலையில் நின்ற பணியாளரும் தீயணைப்பாளரும். அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தார்கள். இயற்கையே உலக மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட் தருகிறது. புல்மோட்டை மணலிலும் மணவாளக்குறிச்சி மணலிலும் உள்ள தோரியம் அதைச் சில இடங்களில் கூட்டுகிறது. நம் உடலிலுள்ள பொற்றாசியத்திலேயே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 4000 அணுக்கள் சிதைகின்றன. புகுசிமாவிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீற்றரில் இருக்கும் தோக்கியோவில், 2011 மார்ச் 22 அன்று எடுத்த குழாய்நீரில் லீற்றருக்கு 210 பெக்கரல் அயடீன் காணப்பட்டு, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். சில நாட்களில் அது தணிந்தது. அங்குள்ளவர்கள் அந்த ஆண்டு பெற்ற மேலதிகக் கதிர்வீச்சு இயற்கைப் பங்கைவிடக் குறைவு. புகுசிமாவில் கதிர்வீச்சினாலே நேரடியாக நேர்ந்தது என்று காட்டக்கூடிய உடல்நலப் பாதிப்பு பொதுமக்களிடம் இதுவரை பதிவாகவில்லை என்று அதே ஐ.நா. குழு 2021இல் அறிவித்தது. 425 கிலோமீற்றரில் உள்ள சித்தாண்டியில் எவரும் முடி கொட்டி விழமாட்டார். சிறு அளவுக் கதிர்வீச்சு புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும் என்றே பாதுகாப்புக்காகக் கொள்கிறோம். அந்தச் சிறிதளவையும் குறைக்கும் இடம் உணவுத் தட்டுத்தான்.

அயடீன் போன பின் சீசியம் மண்ணோடு நிற்கும். வேதியியலில் அது பொற்றாசியத்தின் உறவு. செடி பொற்றாசியத்தைத் தேடும்போது சீசியத்தையும் இழுத்துக் கொள்கிறது. மண்ணில் பொற்றாசியம் போதுமானதாக இருந்தால் செடி சீசியத்தை நாடுவது குறையும். புகுசிமா வயல்களில் பொற்றாசிய உரத்தை மேலதிகமாக இட்டு நெல்லில் சீசியத்தைப் பெருமளவு குறைத்தார்கள். 2012இலிருந்து அந்த மாகாணத்தில் விளைந்த ஒவ்வொரு மூடை அரிசியையும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூடைகளை, கருவியின் ஊடாக அனுப்பிச் சோதித்தார்கள். முதல் ஆண்டில் எல்லையைத் தாண்டியவை 71 மூடை. 2015இலிருந்து ஒன்றுமில்லை. களிமண்ணிலுள்ள அபிரகத் தகடுகளும் சீசியத்தை இறுகப் பிடித்து வைத்து உதவுகின்றன. மட்டக்களப்புக் கரையோரத்தின் மணற்பாங்கான மண்ணில் அந்தக் களி குறைவு. வயல் நிலங்களில் கூடுதல். ஆகவே ஒரே ஊரில் கரையோரத் தோட்டத்துக் கீரை ஒரு விதமாகவும் வயல் நெல் வேறு விதமாகவும் நடந்து கொள்ளும். சீசியம் தவிட்டில் அதிகம் தங்கும், தீட்டிய அரிசியில் குறைவு. அந்தத் தவிடும் வைக்கோலும் போவது மாட்டுக்கு.

வாவிக்கு வருவோம். 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவி கடலுமல்ல, ஆறுமல்ல. மாரியில் வெள்ளம் புரண்டு வந்து அதை நன்னீராக்குகிறது. முகத்துவாரம் திறந்தால் உப்பு ஏறுகிறது. கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கிறது. சீசியத்தின் கண்ணால் பார்த்தால் இந்த மாற்றம் மிகப் பெரியது. கடல்நீரில் பொற்றாசியம் நிறைந்திருப்பதால் கடல்மீனின் தசையில் சீசியம் நீரிலுள்ளதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கே திரளும். பொற்றாசியம் குறைந்த நன்னீரில் அது ஆயிரக்கணக்கான மடங்காகலாம். செர்னோபிலுக்குப் பின் சுவீடன், பின்லாந்து ஏரிகளின் மீன்களில் பல ஆண்டுகள் சீசியம் மிகுந்திருந்ததற்கு இதுவே காரணம். ஒரே வாவியின் மீன், முகத்துவாரத்தில் பிடித்தால் ஒரு கணக்கு, வெள்ளகாலத்தில் மேல் அந்தத்தில் பிடித்தால் வேறு கணக்கு. சேற்றில் வாழும் இறாலுக்கும் நண்டுக்கும் இன்னொன்று. முந்தனையாறு பெருக்கெடுக்கும்போது வயல் மண்ணின் மேல்தோலை வாரிக் கொண்டு தாழ்நிலங்களிலும் களப்புகளிலும் இறக்குகிறது. ஜப்பானில் ஒவ்வொரு சூறாவளி மழைக்குப் பிறகும் ஆறுகள் இவ்வாறே சீசியம் ஒட்டிய வண்டலைக் கீழே கொண்டு வந்தன. காட்டில் விழுந்தது ஆண்டுகள் கழித்து வாவியில் தெரியும். 2012 ஆகஸ்டில் புகுசிமாக் கரையோரம் பிடிபட்ட ஒரு மீனில் கிலோவுக்கு 25,800 பெக்கரல் இருந்தது, அதற்குள் குறைக்கப்பட்டிருந்த எல்லை 100. அதே கடலின் மற்ற மீன்கள் அப்போது தேறிக் கொண்டிருந்தன. சராசரி எண்ணை மட்டும் சொல்லி மீனவரையும் வாங்குபவரையும் சமாதானப்படுத்த முடியாது.

பயத்தின் சேதம் கதிர்வீச்சின் சேதத்தைவிடப் பெரிதாகலாம் என்பதற்கு நமக்கு ஜப்பான் தேவையில்லை. 2004க்குப் பிறகு, கடலில் உடல்கள் கிடக்கின்றன என்று மட்டக்களப்பில் வாரக்கணக்கில் மீன் தின்னாதவர்கள் பலர். உயிர் தப்பிய மீனவருக்குப் பிடித்த மீனை விற்க முடியவில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை மீன் சந்தையில் நடந்ததும் அதுவே. புகுசிமாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாகாணத்தில் அனர்த்தம் தொடர்பான இறப்புகள் என்று பின்னர் பதிவானவை 2300க்கும் மேல்: அவசரத்தில் பேருந்தில் ஏற்றப்பட்ட வயோதிப நோயாளர், தற்காலிக வீடுகளில் மருந்தும் உறவும் இழந்து தேய்ந்தவர்கள், வாழ்வை முடித்துக் கொண்டவர்கள். 1990இலும் 2006, 2007இலும் ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு இந்த இறப்புகள் எப்படி நேர்ந்திருக்கும் என்று தெரியும். கிழக்கில் ஒருநாள் எவராவது ஒலிபெருக்கியில் வெளியேறுங்கள் என்று சொல்வதற்கு முன், இந்தத் தூரத்தில் வெளியேறுவதால் வரும் கேடு இருப்பதால் வரும் கேட்டைவிடப் பெரிது என்பதை அவர் படித்திருக்க வேண்டும்.

இலங்கையில் இதற்கான நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்திச் சபையும், தனியான ஒழுங்குபடுத்தும் பேரவையும் இயங்குகின்றன. காற்றிலுள்ள காமாக் கதிரை இடைவிடாது அளக்கும் முன்னெச்சரிக்கை நிலையங்கள் கரையோரங்களில் நிறுவப்பட்டுள்ளன. விபத்தை உடனே அறிவிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை செர்னோபில் ஆண்டிலேயே உருவானது. 2015 பெப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இவை மேகம் வருகிறது என்று சொல்லும். இன்று கறந்த பாலைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லப் பாலையே அளக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. சித்தாண்டிக்குப் பக்கத்து ஊரான வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் அங்கே உண்டு. ஈயக் கவசத்துக்குள் வைத்த ஒரு ஜேர்மானியம் உணரியும், அதை இயக்கத் தெரிந்த இருவரும் போதும். ஒரு லீற்றர் பால், ஒரு கிலோ வைக்கோல், ஒரு கிண்ணம் வாவிச் சேறு ஆகியவற்றை மணித்தியாலக் கணக்கில் அளந்து எண்ணைச் சொல்லலாம்.

அந்த அளவீடு விபத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம்-137 உலகின் எல்லா மண்ணிலும் ஏற்கெனவே சிறிதளவு கிடக்கிறது. வாவிச் சேற்றிலும் அது இருக்கும். பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், நாளை காணும் சில பெக்கரல் பழையதா புதியதா என்று வீண் சண்டை மூளும். ஒரு துப்பு மட்டும் எப்போதும் கைகொடுக்கும். உலையில் சீசியம்-134 என்ற இன்னொரு வடிவமும் உண்டாகிறது. அதன் அரைவாழ்வு இரண்டே ஆண்டுகள், குண்டுகளின் படிவில் அது இருப்பதில்லை. 2011இல் கலிபோர்னியாக் கரையில் பிடித்த சூரை மீன்களில் சீசியம்-134 காணப்பட்டதால்தான், அவை ஜப்பானியக் கடலிலிருந்து பசிபிக்கைக் கடந்து வந்தவை என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது. சித்தாண்டித் தயிரில் சீசியம்-134 இல்லை என்ற ஒரு வரியை, அளந்த திகதியோடும் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவோடும் சேர்த்து, கோயில் வீதியிலும் பால் சேகரிக்கும் நிலையத்திலும் தமிழில் ஒட்டிவைக்க முடியும். ஆண்டுக்கு இரு முறை, கச்சான் தொடங்கும் முன் ஒன்றும் மாரி தொடங்கும் முன் ஒன்றும் அளந்தால் போதும்.